பழைய வீட்டு மாடங்களை அடைத்துவிடலாமா? 'ரீசஸ் எல்லாம் வேஸ்ட்' என்கிறார் ஒப்பந்தக்காரர்

ரேழிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். திருவையாறு பக்கம் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. கூடம், ரேழி, முற்றம் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பின்கட்டை மட்டும் இடித்துக் கட்டுகிறோம். பழைய சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடி கனம் இருக்கும். மாடத்துக்குக் குறைச்சலே இல்லை. வாசல் கதவுக்கு இரண்டு பக்கமும் விளக்குப் பிறை, கூடத்தில் ஆள் முழங்கை போகிற ஆழத்தில் ஒரு பெரிய மாடம், கிணற்றடிச் சுவரில் சோப்பு வைக்க ஒன்று. ஒப்பந்தக்காரர் வரைபடத்தில் இதையெல்லாம் சிவப்பில் வட்டம் போட்டு 'ரீசஸ், அடைக்க' என்று எழுதிவிட்டார். சுவரில் உள்வாங்கிய மாடத்துக்கு அவர் பாஷையில் ரீசஸ் என்று பேர். கேட்டால், 'தூசி அடையும், பல்லி முட்டை போடும், டைல்ஸ் ஒட்டும்போது கட்டிங் வேஸ்டாகும்' என்கிறார்.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அதோடு, புதுப் பின்கட்டில் பூஜை ரூமிலும் ஒரு மாடம் வேண்டும் என்கிறார். அங்கே ஒன்பது இன்ச் சுவர்தான் வரப்போகிறது. பழையதை அடைத்தால் என்ன ஆகும், புதுச் சுவரில் வைக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலரைஇன்ச்:
நான் சிவில். தஞ்சாவூர் சுற்றுவட்டத்தில் இந்த மாதிரி வேலை நிறையப் பார்க்கிறேன்.

முதலில் பழைய சுவர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதில் இருக்கிற மாடத்தைச் சிமென்ட்டும் புதுச் செங்கல்லும் போட்டு அடைத்தால் அந்தக் கட்டம் மட்டும் ஈரத்தை விடாது. ஓதம் அதைச் சுற்றிக்கொண்டு வந்து ஓரத்தில் உப்புப் பூக்கும். ஒரு மழைக்காலம் போனால் போதும், மாடம் இருந்த இடம் சட்டம் போட்ட மாதிரி சுவரில் தெரியும். எத்தனை தடவை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அந்த விரிசல் திரும்ப வரும். அடைத்தே ஆகவேண்டும் என்றால் புதுக் கல் பழைய சுவரோடு கோத்துக்கொள்ள இரண்டு பக்கமும் பல் விட்டு, சுண்ணாம்புக் கலவையில்தான் கட்டணும். அதற்குத் தெரிந்த கொத்தனார் வேண்டும். அடைக்கிற செலவு, அடைக்காமல் உள்பக்கம் வழவழப்பாகப் பூசிவிடுகிற செலவைவிடக் கூடுதல். இதை உங்கள் ஒப்பந்தக்காரரிடம் ரூபாய்க் கணக்கில் கேளுங்கள், சட்டென்று புரிந்துவிடும்.

அடுத்தது புதுச் சுவர். ஒன்பது இன்ச்சில் நாலரை இன்ச் ஆழத்துக்கு மாடம் எடுக்கலாம். பின்னால் மிச்சம் நாலரை. அதனால் வெளிச்சுவரில் வேண்டாம். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு சாரல் அடிக்கிற அடிக்கு நாலரை இன்ச் சுவர் தாங்காது, விளக்குத் திரியே நமுத்துப்போகும். உள்சுவராகப் பார்த்து வையுங்கள். மூலையை ஒட்டி வேண்டாம், பீம் உட்காருகிற இடத்துக்குக் கீழேயும் வேண்டாம். செங்கல் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 1905 விதிப்படி ரீசஸ் 30 செ.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் மேலே லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்குகிற குறுக்குக் கட்டை வேண்டும். வட்டமாக எடுத்தால் லிண்டல் தேவையில்லை. பழைய கொத்தனார்கள் மேல்புறத்தை வளைத்தது அழகுக்கு மட்டுமில்லை.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. மாடத்துக்கு நேர் பின்னால் அடுத்த அறையில் எலக்ட்ரீஷியன் பைப் புதைக்கக் காடி வெட்டுவார். மிச்சமிருப்பதே நாலரை இன்ச், அதில் அவர் ஒன்றரை இன்ச் தோண்டினால் முடிந்தது. ஒரு சைட்டில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உளி எட்டிப் பார்த்தது. வயரிங் ஆரம்பிக்கும் முன்பே சுவரின் மறுபக்கம் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.

கல்மண்டபம்:
அடைக்காதீர்கள் சார், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாடத்தை வேஸ்ட் என்று சொல்கிறவரைத் திருவையாற்றிலிருந்து பஸ் ஏற்றிப் பெரிய கோயிலுக்கு அனுப்புங்கள்.

தஞ்சை விமானத்தின் அடிச்சுவரை வெளியே நின்று பாருங்கள். இரண்டு வரிசையாகக் கோஷ்டங்கள், சாமி சிலை நிற்கிற மாடங்கள். கீழ் வரிசையில் பிட்சாடனர், காலாந்தகர், ஹரிஹரர், அர்த்தநாரி என்று சிவனுடைய வெவ்வேறு வடிவங்கள். மேல் வரிசையில் திரும்பத் திரும்ப ஒரே ஆள், வில்லோடு நிற்கிற திரிபுராந்தகர். 1010இல் முடிந்த கோயில். அவ்வளவு பெரிய சுவர் மொட்டையாக நின்றிருந்தால் கோட்டை மதில் என்றுதான் நினைத்திருப்போம். பிதுங்கி நிற்கிற பத்தி, உள்வாங்கிய ஒடுக்கம், பத்திக்கு நடுவே கோஷ்டம் என்று மாறிமாறி வருவதால்தான் காலை வெயிலுக்கு ஒரு முகமும் சாயங்கால வெயிலுக்கு வேறு முகமும் கிடைக்கிறது. உள்ளேயும் அதே கதைதான். இரண்டு சுவருக்கும் இடையில் விட்ட சுற்றுப்பாதையில்தான் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி சோழர் ஓவியங்களைக் கண்டுபிடித்தார். அதற்கு மேல்தளத்தில் 108 கரணங்களில், அதாவது நடன நிலைகளில், 81 மட்டும் செதுக்கி, மிச்சத்தை வெறும் கல்லாக விட்டிருக்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பெரிய கோயிலைவிடப் புள்ளமங்கை பிடிக்கும். ஐயம்பேட்டைக்குப் பக்கம். வடக்குக் கோஷ்டத்தில் எருமைத்தலை மேல் நிற்கிற துர்க்கை. சுவருக்குள் இருந்து அப்போதுதான் ஒரு அடி எடுத்து வைத்தவள் போல இருப்பாள். கும்பகோணம் நாகேசுவரன் கோயிலில் தேவர்களுக்குப் பக்கத்துக் கோஷ்டங்களில் ஆணும் பெண்ணுமாக மனிதர்கள் நிற்கிறார்கள். அரச குடும்பமா, கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். யாராக இருந்தாலும் சரி, அந்த ஆழம் இல்லாவிட்டால் அந்த முகங்களில் அந்த நிழல் விழாது.

ஆலங்குடியை மறந்துவிட்டேனே. குருப்பெயர்ச்சிக்கு அவ்வளவு கூட்டமும் யாரைப் பார்க்க வருகிறது? தெற்குக் கோஷ்டத்துத் தட்சிணாமூர்த்தியை. ஒரு ரீசஸுக்குத் தனிப் பேருந்து விடுகிற ஊர் சார் நம்முடையது.

நாலரைஇன்ச்:
கல்மண்டபம் அண்ணே, ரசித்துப் படித்தேன். ஆனால் கருங்கல் விமானத்தையும் ஒன்பது இன்ச் செங்கல் சுவரையும் ஒன்றாகப் பேசினால் அவர் வீட்டில் ஓட்டைதான் விழும். அங்கே கல்லுக்குக் கல் எடை உட்கார்ந்திருக்கிறது. கோஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் அரைத்தூண், மேலே தோரணம், அதற்கு மேல் அடுத்த கல் வரிசை. கழித்த இடத்துக்குப் பக்கத்திலேயே பலத்தையும் கூட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் கட்டி முடித்த சுவரைச் சுத்தியலால் உடைத்து 'மாடம் ரெடி' என்கிறார்கள்.

மணியடிச்சாச்சு:
தலைப்பில் 'ரீசஸ் எல்லாம் வேஸ்ட்' என்று பார்த்துவிட்டு, பள்ளிக்கூட இடைவேளையைத்தான் சொல்கிறார்கள் என்று சண்டைக்கே வந்தேன், அதற்கும் இங்கிலீஷில் ரீசஸ்தானே. வந்து பார்த்தால் செங்கல்! நான் திருவாரூர் மாவட்டத்தில் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பெற்றோர் சிலரும் இதே வசனத்தைத்தான் பேசுகிறார்கள். 'காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் எதுக்கு டீச்சர், அதிலும் ஒரு பாடம் எடுக்கலாமே.'

அந்தப் பத்து நிமிஷத்தில் நடப்பதை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லணும். மணி அடித்த உடனே பெண் பிள்ளைகள் கழிவறைப் பக்கம் வரிசை கட்டுவார்கள். கதவு தாழ்ப்பாள் சரியில்லை என்றால் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு. வரிசையின் கடைசிப் பிள்ளைக்கு முறை வருவதற்குள் அடுத்த மணி. அதனால் பல பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கேரளத்தில் 2019இல் ஆரம்பித்த வாட்டர் பெல் நம் மாநிலத்துக்கும் வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் குடிக்க மணி அடித்தால் போதாது, போகவும் நேரம் வேண்டும், தண்ணீர் வருகிற குழாய் வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்கு வேறு உலகம். காம்பவுண்டுச் சுவர் ஓட்டை வழியாகக் கை நீளும், வெளியே இருக்கிற பாட்டி மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றைக் கையில் வைப்பார். காசு போய்ச் சேர்ந்ததா என்று எந்தக் கணக்குப் பாடத்திலும் இவ்வளவு கவனமாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வருவது தண்டனை விஷயத்தில். வீட்டுப்பாடம் எழுதாதவனை இன்டர்வெல்லில் உட்காரவைத்து எழுத வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2013இலேயே இதைப் பற்றி அறிக்கை விட்டது. ரீசஸ் குழந்தையின் உடம்புக்கும் படிப்புக்கும் தேவையானது, அதைத் தண்டனையாகவோ பாடம் நடத்தவோ பிடுங்கக்கூடாது என்று. அவர்கள் ஊரில் அரை மணி நேரம்கூட விளையாட விடுகிற பள்ளிகள் உண்டு. நாங்கள் பத்து நிமிஷத்துக்கே மல்லுக்கட்டுகிறோம்.

நெறியாளர்:
டீச்சர் சொல்வது எல்லாம் உண்மைதான், ஆனால் இது வீடு கட்டுமானப் பிரிவு. பள்ளி விஷயத்துக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.

கடைமடை:
விடுங்கள் நெறியாளர் சார், ஓடட்டும். எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், தலைஞாயிறு பக்கம் விவசாயம்.

எங்களுக்கும் ரீசஸ் உண்டு. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அணைக்கு வயசு ஆகிவிட்டது, 1934இலிருந்து ஓடுகிறது. மூடியிருக்கிற அந்த நாலு, நாலரை மாசத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'ஆறு காய்ஞ்சு கிடக்கு, பாவம்' என்பார்கள். அந்த நாட்களில்தான் எங்களுக்கு வேலையே. வாய்க்கால் தூர் வாரணும், ஷட்டருக்குக் கிரீஸ் போடணும், மதகுச் சுவர் ஒழுகினால் பூசணும், கரை உடைஞ்ச இடத்தில் மண் அணைக்கணும். தண்ணீர் ஓடும்போது இதில் ஒன்றையும் செய்ய முடியாது.

2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். சந்தோஷம்தான், யார் வேண்டாம் என்பார்கள். ஆனால் கடைமடைக்காரனாக ஒரு கவலை இருக்கத்தான் செய்யும். ஆற்றைத் தூர் வாருவது படத்தோடு பேப்பரில் வரும். எங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டு வருகிற 'சி', 'டி' வாய்க்கால்களுக்குப் பொக்லைன் வருவதே மே மாசக் கடைசியில். 2024இல் தலைகீழாக ஜூலை 28தான் திறந்தது. அப்போது வாய்க்கால் சுத்தமாக இருந்தது, குறுவைக்குத்தான் தண்ணீர் இல்லை. போர்வெல் வைத்திருப்பவர் நட்டார், மற்றவர் சம்பாவுக்குக் காத்திருந்தார்.

ரேழிவாசி:
எல்லோருக்கும் நன்றி. நாலரைஇன்ச் சார் சொன்னபடி செலவைக் கேட்டேன். ஒப்பந்தக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். கூடத்து மாடத்தை விட்டுவிடுகிறேன், வாசல் பிறைகளையும் விட்டுவிடுகிறேன், கிணற்றடிச் சுவர் மட்டும் எப்படியும் இடிகிறது என்றார். சரி என்றேன்.

கூடத்து மாடத்தைக் காலி செய்தபோது உள்ளேயிருந்து வந்ததைச் சொல்லணும். விபூதிச் சம்படம், திரி நூல், காலாவதியான மூன்று ரேஷன் கார்டு, ஒரு வருஷத்துப் பாம்புப் பஞ்சாங்கம், பித்தளைப் பூட்டு (சாவி இல்லை), குளவிக்கூடு ஒன்று. மேல்வளைவில் புகைக்கரி விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. கொத்தனார் அதைச் சுரண்டப் போனார். அம்மா விடவில்லை.

இப்போது புதுச் சிக்கல். பூஜை ரூமில் மாடம் வைக்க நாங்கள் பார்த்த உள்சுவர் உண்மையில் எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பொதுச்சுவர். பழைய சுவர்தான், ஒன்றரை அடி. அதில் குடைந்து எடுக்கலாம் என்று கொத்தனார் சொல்ல, சித்தப்பா மகன் 'கை வெச்சா கோர்ட்டுக்குப் போவேன்' என்கிறான். கோர்ட்டுக்கே இப்போது லீவு என்று கொத்தனார் சிரிக்கிறார். அப்படித் தைரியமாக ஆரம்பிக்கலாமா?

மே_மாத_வக்கீல்:
ஆரம்பிக்காதீர்கள். கொத்தனார் சொல்வதை வைத்துச் சிவில் வழக்கு நடத்தினால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் வருமானம்.

மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை, உண்மைதான். கிரிமினல் பக்கம் மாஜிஸ்திரேட் கோர்ட் நடந்துகொண்டுதான் இருக்கும். சிவிலிலும் அவசர வழக்கைக் கேட்க விடுமுறைக்கால நீதிமன்றம் உண்டு. 'இன்றைக்கு நிறுத்தாவிட்டால் நாளைக்குச் சுவர் இருக்காது' என்று மனு போட்டால் இடைக்காலத் தடை வாங்க முடியும். லீவைப் பார்த்து இரவோடு இரவாக வேலையை முடித்தவர் என்ற பெயர், பிறகு வழக்கு நடக்கும்போது உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

பொதுச்சுவர் இரண்டு பேருக்கும் சொந்தம். உங்கள் பக்கம் ஆணி அடிக்கலாம், பூசலாம். சுவரின் பலம் குறைகிற மாதிரி குடைவதற்கு அடுத்தவர் சம்மதம் வேண்டும். சித்தப்பா மகனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையா, உங்கள் எல்லைக்குள் ஒரு நாலரை இன்ச் சுவர் தனியாகக் கட்டி அதில் மாடம் விடுங்கள்.

லீவு என்றதும் நினைவுக்கு வருகிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் 'கெடு மே 15இல முடிஞ்சு போச்சு, இனி வழக்குப் போட முடியாதே' என்று பதறுவார்கள். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கெடு முடிகிற நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கிற நாளில் தாக்கல் செய்யலாம். திறக்கிற நாள் என்றால் அன்றைக்கே. மறுநாள் வந்து நின்றால் அது தாமதம். மேல்முறையீடு மாதிரி என்றால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம், புது வழக்குக்கு அந்த வழியும் கிடையாது. அந்த முதல் நாள் கும்பகோணம் கோர்ட் வளாகத்தில் நிற்க இடம் இருக்காது.

கல்மண்டபம்:
வக்கீல் சார், கோர்ட் லீவு வேஸ்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன? தேங்கிக் கிடக்கிற வழக்குகளைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

மே_மாத_வக்கீல்:
உச்ச நீதிமன்றம் 2024இல் விதியைத் திருத்தி, கோடை விடுமுறை என்பதற்குப் பதிலாகப் 'பகுதி வேலை நாட்கள்' என்று ஆக்கிவிட்டது. பேர்தான் மாறியது என்பவர்களும் உண்டு. வாதம் முடிந்து தீர்ப்பு எழுதாமல் கிடக்கிற கட்டுகளை நீதிபதிகள் படிப்பதே இந்த நாட்களில்தான். அதற்காக ஒரு மாசம் முழுக்க வேண்டுமா என்று கேட்டால், நான் வக்கீல், எனக்கும் பிள்ளைகளுக்கு லீவு. என்னிடம் நியாயமான பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

கடைமடை:
கோர்ட் லீவு போனால் போகட்டும். சபைக்கு லீவு விடும்போதுதான் எனக்குப் பயம். 2020 ஜூன் 5ஆம் தேதி மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் வந்ததே, அப்போது நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. சபை நடக்காதபோது குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்கிறது. கவர்னருக்கு 213. செப்டம்பரில் சபையிலும் நிறைவேற்றினார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் போராட்டம் நடந்து 2021 நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். சட்டம் நல்லதா கெட்டதா என்று இங்கே பேச வரவில்லை, நெறியாளர் அடிக்க வருவார். சபை கூடாத நேரத்திலும் வேலை நடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

மே_மாத_வக்கீல்:
கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சபை திரும்பக் கூடி ஆறு வாரத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் அவசரச் சட்டம் தானாகவே செத்துப்போகும். இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவில் ஆறு மாசத்துக்கு மேல் இடைவெளி விடவும் முடியாது, 85ஆம் பிரிவு. பட்ஜெட் போட்ட பிறகு நடுவில் சில வாரம் சபைக்கு இடைவேளை விடுவார்கள் இல்லையா, அது வேறு வகை. அப்போது எம்.பி.க்கள் நிலைக்குழுக்களில் உட்கார்ந்து ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கிற பணத்தை, அதாவது மானியக் கோரிக்கையை அலசணும். 1993இலிருந்து அந்த ஏற்பாடு. உட்காருகிறார்களா என்பது அவரவர் தொகுதிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

மணியடிச்சாச்சு:
எம்.பி.க்களுக்குச் சில வாரம், எங்கள் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம். குறித்துக்கொள்ளுங்கள்.

ரேழிவாசி:
சித்தப்பா மகனோடு பேசியாயிற்று. பொதுச்சுவரைத் தொடவில்லை. வக்கீல் சார் சொன்ன மாதிரி எங்கள் பக்கம் தனியாக ஒரு நாலரை இன்ச் சுவர் எழுப்புகிறோம். கனம் முழுக்க மாடத்தின் ஆழமாகிவிடும், முதுகுக்குப் பழைய சுவரே இருக்கிறது. ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே கடப்பைக்கல் வைக்கலாம் என்கிறார் கொத்தனார். கல்லை இரண்டு பக்கமும் எவ்வளவு ஏற்றணும்? அவர் ஒரு இன்ச் போதும் என்கிறார்.

நாலரைஇன்ச்:
ஒரு இன்ச் போதவே போதாது. இரண்டு பக்கமும் ஆறு இன்ச் சுவருக்குள் உட்காரட்டும். அப்படியானால் ஒன்றேகால் அடித் திறப்புக்கு மொத்தம் இரண்டேகால் அடி நீளக் கல் வாங்கணும். கடையில் இரண்டடித் துண்டு தயாராக இருக்கும், அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மாடத்தைக் கொஞ்சம் குறுக்கி ஒரு அடியாக்கிக்கொண்டால் அந்தத் துண்டே போதும்.

மேலே எண்ணெய் விளக்குச் சூடு படும் என்பதால் கல்லுக்கு அடியில் டைல்ஸ் ஒட்டாதீர்கள், பசை விட்டுக் கீழே விழும். மாடத்தில் விளக்கு வைக்கிற அடிப்பரப்புக்கும் கடப்பைக்கல்லே போட்டு, முன்பக்கம் கால் இன்ச் வெளியே நீட்டி, அடியில் ஒரு கோடு கீறிவிடச் சொல்லுங்கள். வழிகிற எண்ணெய் சுவரில் இறங்காமல் அந்தக் கோட்டிலிருந்து சொட்டிவிடும். எலக்ட்ரீஷியன் எந்த நாள் வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.